பழைய கடைவீட்டைப் பழுதுபார்க்கப் பணம் குறைவா? கூரையில் தொடங்குங்கள்

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்கள் பலருக்கு வீட்டு வேலை நினைவுக்கு வருவது தீபாவளி நெருங்கும்போதுதான். அப்போதும் முதலில் சாயம் பூசத்தான் ஆள் தேடுகிறார்கள். கையில் இருப்பது சில ஆயிரம் வெள்ளி என்றால், சாயம் கடைசியில் வரவேண்டிய வேலை. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை கனத்த மழை. ஈரச் சுவரில் பூசிய சாயம் சில மாதங்களிலேயே உரிந்துவிடும்.

இந்த வீடுகள் இப்படியானதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறைவாகவே வைத்திருந்தது. குடியிருந்தவர்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் அந்த வாடகை ஓடு மாற்றவும் போதாததால், பல உரிமையாளர்கள் கூரைப் பக்கமே போகவில்லை. 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு நீங்கியது; அதற்குள் பல கூரைகள் நைந்துவிட்டன.

கூரை ஒழுகினால் கெடுவது கூரை மட்டுமல்ல. கடைவீட்டின் உத்தரங்கள் இருபுறப் பொதுச்சுவர்களில் செருகப்பட்டிருக்கும். சுவரோரம் இறங்கும் நீர் அந்த முனைகளில் தேங்கி, வெளியில் தெரியாமலே மரத்தை உளுக்கச் செய்யும். ஈர மரத்தைக் கரையான் தேடி வரும். ஆகவே முதல் செலவு உடைந்த ஓடுகளுக்கும், கூரை சுவரைத் தொடும் இடத்துப் பூச்சுக்கும், மழைநீர்ப் பீலிக்கும். முழுக் கூரையையும் மாற்றப் பணம் இல்லையென்றால், ஒழுகும் பகுதியை மட்டும் பிரித்து, நல்ல ஓடுகளைப் பத்திரப்படுத்தி, குறைவதற்குப் பழைய ஓடு வாங்கிப் போடலாம். அதுவும் முடியாவிட்டால் தற்காலிகமாகக் கித்தான் கட்டுங்கள். நிரந்தரமாகத் தகரம் அடிப்பதைவிட அது மேல்.

சுவரில் முளைத்த அரசங்கன்றையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். அரசு என்பதால் வெட்டத் தயங்குபவர்கள், சிறிதாக இருக்கும்போதே வேரோடு பெயர்த்து மண்ணில் நட்டுவிடலாம். வளரவிட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும்.

கூரைக்கும் முந்தியது ஒன்றே ஒன்று: மின்கம்பி. மரத் தளங்களோடு ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்கும் ஆபத்து. கம்பி பழையதென்றால் உரிமம் பெற்றவரை வைத்துச் சோதியுங்கள்.

பிறகு உத்தர முனைகளை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. முழு உத்தரத்தையும் மாற்றத்தான் வேண்டும் என்று குத்தகையாளர் சொன்னால், இன்னொருவரையும் கேளுங்கள். பல சமயம் கெட்ட முனையை வெட்டிவிட்டுப் புதுக் கட்டை இணைத்தாலே போதும். முற்றத்துக் கால்வாயில் இரண்டு வாளி நீர் ஊற்றி, அது தெருக் கால்வாய்க்குப் போய்ச் சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் வீடு இருந்தால், வேலை தொடங்கும் முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் பாரம்பரியத் துறையில் கேட்டுவிடுங்கள். முகப்பையும் கூரையையும் நம் விருப்பப்படி மாற்ற முடியாது. முடித்த வேலையைப் பிரித்துக் கட்டினால் இரட்டைச் செலவு. வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சுவர் இதற்கெல்லாம் பிறகுதான். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்துப் பூச்சைத் தள்ளும். "பலமாக இருக்கட்டும்" என்று பூசிய சிமெண்ட்தான் பல வீடுகளில் சுவரைக் கெடுத்திருக்கிறது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சில மாதங்கள் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சே பூச வேண்டும். அதற்குள் தீபாவளி வந்துவிட்டால், இந்த வருடம் வாசலில் கோலம் மட்டும் போதும். சாயம் அடுத்த வருடம்.