மலர் உரைத்த கதைகள்

உறையூர்க் கோட்டையின் கதவு அடைத்துக் கிடந்தது. உள்ளே இருந்தவன் சோழன் நெடுங்கிள்ளி. வெளியே முற்றுகையிட்டு நின்றவன் சோழன் நலங்கிள்ளி. இருவரும் ஒரே குடியில் தோன்றியவர்கள். அவ்வேளையில் இருவருக்கும் இடையே சென்று போரைத் தவிர்க்க முயன்றவர் கோவூர் கிழார் என்னும் புலவர். புறநானூற்றின் 45ஆம் பாட்டு அவர் வாய்மொழியாக அமைந்துள்ளது.

அப்புலவர் அறநூல்களை எடுத்து விரிக்கவில்லை. உறவைச் சொல்லி மன்றாடவும் இல்லை. பகைவன் சூடியிருப்பது சேரனுக்குரிய பனையும் அன்று, பாண்டியனுக்குரிய வேம்பும் அன்று என்று சுட்டினார். இவன் தலையில் இருப்பதும் ஆத்தி, அவன் தலையில் இருப்பதும் ஆத்தி என்று காட்டினார். ஆகவே யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்பது அவர் கூற்றின் முடிவு. ஓர் அரச குடும்பத்தின் உட்பகை முழுவதையும் மூன்று மரங்களின் பெயரால் அவர் உணர்த்திவிட்டார்.

பூவை அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் உலகில் பல நாடுகளில் உண்டு. பண்டைத் தமிழ்ப் புலவரோ பூவைக் கதை சொல்லும் சொல்லாகவே ஆண்டனர். அச்சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

திணையும் பூவும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் அக வாழ்க்கையைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பகுத்தது. இவை நிலங்களுக்கும் ஒழுக்கங்களுக்கும் பெயராக வழங்கினும், அடியில் நிற்பவை செடியும் மரமும் கொடியுமே. குறிஞ்சி என்றால் மலையும் காதலர் கூடலும் நினைவில் எழும். முல்லை என்றால் காடும், கார்காலமும், தலைவன் மீண்டு வருவான் என்று இல்லில் ஆற்றியிருக்கும் மனைவியும் தோன்றுவர்.

போர் வாழ்க்கைக்கும் இம்முறை உண்டு. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்வது வெட்சி. மண்ணாசையால் படையெடுத்துச் செல்வது வஞ்சி. அரணை முற்றுகையிடுவது உழிஞை. இரு படையும் களத்தில் நேருக்கு நேர் பொருவது தும்பை. வெற்றி வாகை. பிற்காலத்து ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை, நிரையை மீட்பதைக் கரந்தை என்றும் அரணைக் காப்பதை நொச்சி என்றும் தனித் திணைகளாக்கிற்று.

இதனால் கதை சொல்பவனுக்கு வாய்த்த நன்மை பெரிது. வீரன் ஒருவன் தும்பை சூடினான் என்று ஒரு வரி வந்தால் போதும். பேச்சுக்கும் தூதுக்கும் காலம் கடந்தது, இனிக் களமே முடிவு செய்யும் என்பதைக் கேட்போர் அறிந்துகொள்வர். இன்றும் வென்றவனை வாகை சூடினான் என்கிறோம். வாகை மரத்தைக் கண்டிராதவரும் அத்தொடரைக் கையாளுகின்றனர்.

இவையெல்லாம் இலக்கணம் வகுத்தோர் வலிந்து கட்டிய குறியீடுகள்தாமே என்று சிலர் வினவக்கூடும். அவ்வாறாயின் பொருள் என்றும் ஒன்றாகவே நின்றிருக்க வேண்டும். தொல்காப்பியத்தில் காஞ்சி என்பது நிலையாமையைக் குறிக்கிறது. வெண்பாமாலையிலோ படையெடுத்து வந்தவனை எதிர்த்து நாட்டைக் காப்பதைக் குறிக்கிறது. வழக்கு மாறும்போது மலரின் பொருளும் மாறியிருக்கிறது. சூடியவர் யார், எப்போது சூடினர், எதற்காகச் சூடினர் என்பவற்றால் வந்த பொருள் அது. சங்கப் பாட்டுகளைப் பார்த்தால் இவ்வுண்மை மேலும் விளங்கும்.

நொச்சியின் இரு கோலம்

புறநானூற்று 271ஆம் பாட்டைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். அப்பாட்டில் வருவது ஒரே ஒரு செடி. நீர் வற்றாத நிலத்தில் தழைத்த நொச்சியை இளமகளிர் தழையுடையாக அணிந்திருந்த அழகைப் புலவர் முன்பு கண்டிருக்கிறார். அதே நொச்சியைக் கோட்டை காத்த வீரன் ஒருவன் மாலையாகச் சூடினான். அவன் வெட்டுண்டான். மாலை குருதியில் தோய்ந்து உருத் தெரியாமல் கிடந்தது. இறைச்சி என்று எண்ணிய பருந்து ஒன்று அதனைக் கவ்விக்கொண்டு மேலே பறந்தது.

வீரனுடைய பெயர் பாட்டில் இல்லை, ஊரும் இல்லை, போரின் காரணமும் இல்லை. ஆயினும் கதை முழுமையாக இருக்கிறது. விளையாட்டு, காவல், சாவு என்னும் மூன்று நிலைகளும் ஒரு செடியின் தழைவழியே காட்டப்பட்டன. நொச்சி என்றால் மதில் காத்தல் என்று மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு இப்பாட்டின் துயரம் பாதியே விளங்கும். அதே தழையைப் பெண்கள் உடுத்தினர் என்பதையும் அறிந்தவனுக்கே, காக்கப்பட்டது எது என்பது புலப்படும்.

ஒல்லையூர் முல்லை

242ஆம் பாட்டு குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் கிழானின் மகன் பெருஞ்சாத்தன் இறந்துபோனான். புலவர் அவ்வூர் முல்லைக் கொடியைப் பார்த்துப் பேசுகிறார். இளைஞர் அதனைச் சூடவில்லை. வளையணிந்த மகளிர் பறிக்கவில்லை. பாணனும் பாடினியும் தீண்டவில்லை. சாத்தன் மறைந்த பின்னும் நீ பூக்கிறாயா என்பதே அவர் கேட்கும் கேள்வி.

மேற்போக்காகப் பார்த்தால், ஊரே துயருற்றிருக்கப் பூ மட்டும் மலர்வதைக் கடிந்தார் என்று தோன்றும். ஆனால் பூக்கள் பலவிருக்க முல்லையை ஏன் அழைத்தார்? முல்லை காத்திருத்தலின் பூ. போருக்குச் சென்றவன் கார் தொடங்குமுன் திரும்புவான் என்னும் நம்பிக்கையின் பூ. திரும்பி வாராத ஒருவனுடைய ஊரில் அது பூத்தால் அப்பூவே பொய் சொன்னதாகிறது. அகத்திணையின் இனிய அடையாளத்தைப் புறத்திணையின் கையறுநிலையில் கொண்டுவந்து வைத்த திறம் இது. முல்லையின் பொருளை அறிந்த அவைக்கு வேறு விளக்கம் தேவையாய் இராது.

மாதவியின் மடல்

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் மலரை இன்னும் நுட்பமாகக் கையாண்டார். கானல் வரியில் பிரிந்துபோன கோவலனுக்கு மாதவி கடிதம் எழுதுகிறாள். வேனிற்காதை அக்கடிதத்தை விரிவாகக் காட்டும். பல பூக்களால் கட்டிய மாலையின் இடையே வைத்த தாழையின் வெண்மடலே ஏடு. பித்திகையின் அரும்பே எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பே மை. வசந்தமாலை அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோவலன் வாங்க மறுத்தான். மாதவி ஆடல்மகள், இதுவும் அவள் நடிப்பே என்பது அவன் எண்ணம். பூவின் அழகு கூடக்கூட அவனுடைய ஐயமும் கூடிற்று.

பின்னர், கோவலன் கண்ணகியோடு மதுரைக்குச் செல்லும் வழியில், கௌசிகன் என்னும் அந்தணன் அவனைத் தேடி வருகிறான். உருமாறியிருந்த கோவலனை அவனால் உறுதியாக அறிய இயலவில்லை. அருகே வெயிலில் வாடி நின்றது ஒரு குருக்கத்திக் கொடி. அதற்கு மாதவி என்னும் பெயரும் உண்டு. கோவலனைப் பிரிந்து துன்புறும் மாதவியைப்போல் நீயும் வாடினாயோ என்று கௌசிகன் அக்கொடியிடம் சொல்கிறான். அது கேட்ட கோவலன், நீ உரைத்தது யாது என்று வினவுகிறான். அடையாளம் தெரிந்தது, ஓலை கைமாறிற்று. அதனைப் படித்த கோவலன், மாதவி தீதிலள் என்று உணர்ந்தான்.

அழகுற மலர்ந்த தாழையால் ஆகாத செயலை வாடிய குருக்கத்தி செய்து முடித்தது. முன்னது அலங்காரமாக வந்தது; பின்னது உண்மையாக நின்றது. பூ வெறும் ஒப்பனையாகும்போது அது பேசுவதில்லை என்பதைக் கதைப்போக்கினாலேயே அடிகள் உணர்த்தினார் எனலாம்.

ஐரோப்பியரின் மலர்மொழி

மேலைநாட்டாரிடமும் மலர்மொழி என்று ஒன்று இருந்தது. கான்ஸ்டாண்டிநோபிளில் ஆங்கிலத் தூதரின் மனைவியாக வாழ்ந்த மேரி வொர்ட்லி மாண்டேகு சீமாட்டி, 1718ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில், துருக்கியர் பூ, பழம் முதலிய பொருள்களை அனுப்பிக் காதல் செய்தி தெரிவிக்கும் முறையை விவரித்தார். அம்மையாரின் கடிதங்கள் 1763இல் அச்சாயின. 1819இல் பாரிசில் சார்லத் தெ லத்தூர் என்னும் புனைபெயரில் மலர்மொழி பற்றிய நூலொன்று வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அதன்பின் இங்கிலாந்திலும் இத்தகைய நூல்கள் பெருகின. 1884இல் கேட் கிரீனவே படங்களோடு வெளியிட்ட நூல் அவற்றுள் ஒன்று.

இந்நூல்கள் பெரும்பாலும் அகராதி போன்றவை. இன்ன பூவுக்கு இன்ன பொருள் என்று வரிசையாகக் கூறும். ஒரு நூல் கூறும் பொருளை மற்றொன்று மறுப்பதும் உண்டு. அனுப்பியவரும் பெற்றவரும் ஒரே நூலை வைத்திருந்தால்தான் செய்தி விளங்கும். மகிழ்ச்சியான பொழுதுபோக்காக அது விளங்கிற்று. தமிழ்மரபிலோ மலரின் பொருளை அறிய நூலைத் திறக்க வேண்டியதில்லை. ஆடு மேய்ப்பவனும் முல்லையை அறிவான். மதில் காப்பவனும் நொச்சியை அறிவான். அவர்கள் அறிந்ததையே புலவன் பாடினான்.

உதிர்ந்த மலர்கள்

இம்மரபுக்கு நேர்ந்த இடர் ஒன்றும் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டைக் கபிலர், ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்குப் பாடினார் என்பர். தினைப்புனம் காத்த தலைவியும் தோழியும் அருவியில் நீராடி, பூப்பறித்துப் பாறையில் குவிக்கின்றனர். அங்கே 99 மலர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கதையைச் சொல்பவள் தோழி, கேட்பவள் செவிலி. தலைவியின் காதலை வெளியிட வேண்டிய இக்கட்டில் தோழி நிற்கிறாள். அடுத்துக் கூறப்போவது கேட்பவள் மனத்தைக் கலக்கக்கூடியது. ஆதலின், அதற்கு முன் தாங்கள் எவ்வளவு கள்ளமற்று விளையாடியிருந்தனர் என்பதை ஒவ்வொரு பூவாக எடுத்துவைத்துக் காட்டுகிறாள். அவ்வரிசை தாவரப் பட்டியலாக மட்டும் நில்லாமல், ஒரு பெண்ணின் தயக்கமாகவும் சான்றாகவும் நிற்கிறது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முற்பட்டபோது, கிடைத்த ஏடுகளில் இப்பகுதியில் சில மலர்களின் பெயர்கள் இல்லாமற் போயிருந்தன. ஐயர் அவற்றைத் தேடி அலைந்தார். தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்தன. 1889இல் பத்துப்பாட்டு அச்சில் வெளிவந்தது. பின்னாளில் இவ்வரலாற்றை எழுதிய ஐயர், அக்கட்டுரைக்கு உதிர்ந்த மலர்கள் என்றே பெயரிட்டார். ஒரு சில பூப்பெயர்களுக்காக ஓர் அறிஞர் ஊர் ஊராகச் சென்றது வீண் உழைப்பன்று. அவை இல்லையாயின் தோழியின் பேச்சு நடுவிலே அறுந்து நின்றிருக்கும்.

ஏட்டில் உதிர்ந்தவற்றை ஐயர் மீட்டார். கண்ணில் உதிர்பவற்றை மீட்பது யார் கடமை? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையில் நீலமாக விரியும் குறிஞ்சியை மலேசியத் தமிழ்ச் சிறுவன் காணாமல் வளர்வதில் வியப்பில்லை. ஆனால் வெட்சி அத்தகையதன்று. வீட்டு வேலியிலும் பள்ளி முகப்பிலும் சிவந்த கொத்தாகப் பூத்துக் குலுங்குவது அதுவே. மலாய்க்காரர் அதனை ஜெஜாரும் என்பர். சிறுவர் அதன் காம்பை உறிஞ்சித் தேன் சுவைப்பர். நொச்சியின் இனமான செடியொன்றை லெமுனி என்று அழைத்துச் சோற்றிலும் சேர்ப்பர். தும்பையும் இங்குப் புல்வெளி ஓரத்தில் முளைப்பதே.

தேன் உறிஞ்சும் அச்சிறுவனிடம், இப்பூவைச் சூடித்தான் ஒரு காலத்தில் வீரர் ஆநிரை கவரச் சென்றனர் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் இருத்தல் வேண்டும். வெட்சித்திணை என்று கரும்பலகையில் எழுதி விளக்கம் கூறுவதோடு நில்லாமல், வாசலுக்கு அழைத்துச் சென்று ஒரு கொத்தைக் கையில் கொடுத்தல் வேண்டும். அப்பொழுது பூவின் பொருள் மனப்பாடமாக இராது, கண்டறிந்ததாக இருக்கும். பண்டைப் புலவரும் அவ்வாறே அறிந்து பாடினர்.