நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார்



வெள்ளிக்கிழமை காலையானால் நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றும். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் ஒரு முஸ்லிம், அவர் கேட்டதற்காகவே வெள்ளிக்கிழமைகளில் அது மூடப்பட்டது என்பதுதான் அந்தச் செய்தி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அது இன்னும் கூடுதலாகச் சுற்றுகிறது. "இந்த நாட்டுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று யாரோ கேட்டதுபோலவும், அதற்கு நாம் அவசரமாகப் பதில் தேடியது போலவும் அது வந்து விழுகிறது. ஆனால் அந்த மனிதரின் பெயர் என்ன என்று கேட்டால், செய்தியை அனுப்பியவர்களிலேயே பலர் தடுமாறுகிறார்கள். வகுப்பில் கேட்டோம். ஒரு பிள்ளை சித்திலெப்பை என்றது. இன்னொரு பிள்ளை சேர் ராசிக் பரீத் என்றது. இருவருமே அவருக்கு நெருக்கமானவர்கள்தான்: ஒருவர் தோழர், மற்றவர் பேரன். நடுவில் நின்றவரின் பெயர்தான் விடுபட்டுப் போயிருக்கிறது.

அவர் பெயர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். 1829ல் பிறந்து 1925ல் வபாத்தானவர். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தத் தீவுக்கு வந்த ஷெய்கு பரீத் என்பவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அந்தக் குடும்பத்தின் மரபுச் செய்தி. அவர் ஆலிமோ, பத்திரிகை ஆசிரியரோ, சட்டநிரூபண சபை உறுப்பினரோ இல்லை. கட்டடக் கொந்தராத்துக்காரர். கல்லும் சுண்ணாம்பும் மரமும் கூலியாட்களும்தான் அவருடைய உலகம்.

அந்தக் காலக் கொழும்பைக் கொஞ்சம் மனதில் கொண்டுவர வேண்டும். 1865ல் மாநகர சபை வந்தது. 1875ல் துறைமுகத்து அலைதாங்கிக்கு அடிக்கல் வைக்கப்பட்டது. கோட்டைக்கு வெளியே நகரம் பரவிக்கொண்டிருந்தது. அரசாங்கத்துக்குக் கந்தோர்கள் வேண்டும், வெள்ளைக்காரக் கம்பனிகளுக்குக் கட்டடங்கள் வேண்டும், கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஹோட்டல் வேண்டும். வரைபடம் போடுபவர் பொதுவேலைத் திணைக்களத்துத் துரை. அதைத் தரையில் எழுப்பித் தருபவர் நம்மவரைப் போன்ற ஒரு கொந்தராத்துக்காரர். சீமெந்து பரவாத காலம் அது. சுண்ணாம்புச் சாந்தை நம்பித்தான் மாடிகள் ஏறின. மேசன்மாரையும் தச்சுப் பாஸ்மாரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், கூலி தவறாமல் கொடுக்க வேண்டும், மழைக்கு முன் கூரை ஏற வேண்டும். சொன்ன நாளில் சொன்ன வேலையை முடித்துக் கொடுப்பவருக்கே அடுத்த வேலையும் கிடைக்கும். வாப்பிச்சி மரிக்காருக்கு அடுத்தடுத்து வேலை கிடைத்திருக்கிறது. புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம், கோட்டையின் பெரிய தபால் கந்தோர், சுங்கம், காலிமுகத்திடல் ஹோட்டல் என்று அவர் கைபட்டதாகச் சொல்லப்படும் பட்டியல் நீளமானது. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் பழைய கொழும்பில் கணிசமான பங்கு அது.

அவற்றுள் பெரியது நூதனசாலை. 1872ல் இலங்கைக்கு வந்த தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரி, இந்த நாட்டின் பழம்பொருட்களைப் பாதுகாக்க ஓர் இடம் வேண்டும் என்று விரும்பினார். அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையும் அதையே கேட்டது. ஜேம்ஸ் சிமித்தர் இத்தாலியப் பாணியில் வரைந்தார், வாப்பிச்சி மரிக்கார் கட்டினார். 1877 ஜனவரி 1ஆந் திகதி திறப்பு விழா.

நாம் எல்லோரும் அறிந்த கதை இங்கேதான் வருகிறது. விழாவில் தேசாதிபதி அவரை அழைத்து, "உமக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும்?" என்று கேட்டாராம். பட்டமோ பணமோ கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் வாப்பிச்சி மரிக்கார் கேட்டாராம். தேசாதிபதியும் ஒப்புக்கொண்டாராம். அதே மேடையில் மரவேலை செய்த எஸ்.எம். பெரேரா என்பவரிடமும் இதே கேள்வி கேட்கப்பட, அவருக்கு உள்ளூர்ப் பட்டம் ஒன்று கிடைத்தது என்றும் சொல்வார்கள். பின்னாளில் கண்டியின் கடைசி மன்னருடைய சிம்மாசனம் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டபோது, வெள்ளிக்கிழமையிலும் திறந்து வைப்பதற்காகப் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க பேரனான சேர் ராசிக் பரீதிடம் சம்மதம் கேட்டார் என்பது இதன் தொடர்ச்சி.

இந்தக் கதையை வெற்றிக் கதையாகச் சொல்லும்போது நமக்குக் கொஞ்சம் நெருடுகிறது. பெரேரா பாஸ் கேட்டதை மட்டமாகவும் நம்மவர் கேட்டதை உயர்வாகவும் காட்டிச் சிலர் சொல்கிறார்கள். அது தேவையில்லாத பேச்சு. ஒரே கட்டடத்துக்குச் சுவர் வைத்தவரும் கதவு வைத்தவரும் அவர்கள். பெரேரா பாஸின் உளி இல்லாமல் மரிக்காரின் வேலை முடிந்திருக்காது. நமக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வெள்ளைக்காரனின் அவையில், அவன் கட்டச் சொன்ன கட்டடத்தின் முன்னால் நின்று, "எங்களுக்கு ஜும்ஆ நாள் ஒன்று இருக்கிறது" என்று சொல்ல ஒரு கொந்தராத்துக்காரருக்குக் கூச்சம் இருக்கவில்லை. கேட்டவர் உரத்துக் கேட்கவில்லை, கொடுத்தவரும் முகம் சுளிக்கவில்லை. மிக நீண்ட காலம் அந்த வழக்கம் நிலைத்திருந்தது. இப்போது வெள்ளிக்கிழமையும் நூதனசாலை திறந்திருக்கிறது. அதைப் பற்றி முறைப்பாடு செய்ய இதை எழுதவில்லை. பிள்ளைகள் எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் நல்லதுதான்.

உண்மையில் இந்த ஒரு கதையிலேயே நின்றுவிடுவதால், அவர் செய்த பெரிய காரியம் நம் கண்ணில் படாமல் போகிறது. அது நூதனசாலை திறந்து பதினைந்து வருடங்கள் கழித்து நடந்தது.

அன்றைய முஸ்லிம் பிள்ளைகளின் படிப்பு எந்த நிலையில் இருந்தது? ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதுவார்கள், அறபுத்தமிழ் வாசிப்பார்கள், கடையில் நின்று கணக்குப் பழகுவார்கள். ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். போனால் பிள்ளையின் ஈமானுக்கு ஆபத்து என்று வாப்பாமார் பயந்தார்கள். அந்தப் பயத்தை இன்று நாம் ஏளனம் செய்யக்கூடாது, அதற்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலருக்கும் அதே பயம் இருந்தது, அவர் 1848லேயே சைவப் பாடசாலை ஒன்றைத் தொடங்கிவிட்டார். கொழும்பில் பௌத்தர்கள் 1886ல் ஆனந்தாக் கல்லூரிக்கு வித்திட்டார்கள். நாம் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

கண்டியிலிருந்த சட்டத்தரணி சித்திலெப்பை 1882ல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கி இதையே திரும்பத் திரும்ப எழுதினார். மறுவருடம் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பில் வந்து இறங்கினார். சமூகம் அவரை மரியாதையோடு பார்த்தது, அவர் சொன்னால் காதுகொடுத்தது. 1884ல் புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலை தொடங்கினார்கள். அது நீடிக்கவில்லை. இந்த இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நாம் கொஞ்சம் நிறுத்திச் சொல்வதுண்டு. ஒருமுறை தோற்றுப்போன காரியத்துக்கு இரண்டாம் முறை கைகொடுக்க ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஊரில் சங்கம் நடத்திய எவருக்கும் தெரியும்.

எட்டு வருடங்கள் கழித்து, 1892 ஆகஸ்ட் 22ல், மருதானைப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. எழுத்து சித்திலெப்பையுடையது, ஆதரவு ஒராபி பாஷாவுடையது. மூன்றாவது ஆளாக நின்றவர் வாப்பிச்சி மரிக்கார். அப்போது அவருக்கு 63 வயது. சம்பாதித்தது போதும் என்று உட்காரக்கூடிய வயது அது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்குப் போய் வந்து, காலத்தைக் கழித்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வேறு ஆட்களுக்காக மாளிகைகள் கட்டி முடித்த மனிதர், தன் சமூகத்துக்கு ஒரு பாடசாலை எழும்ப முன்னுக்கு வந்தார்.

மூவரில் யார் பெரியவர் என்று விவாதிப்பதில் பயனில்லை. ஆனால் ஒன்று மட்டும் நமக்குப் படுகிறது. பேச்சும் எழுத்தும் மனதைத் திருப்பும், அதற்குப் பிறகு ஒருவர் வந்து காணியைப் பார்த்து, ஓட்டை எண்ணி, கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நமது ஊர்களில் முதல் வகை ஆட்களுக்குக் கட்டுரைகள் உண்டு, நினைவுப் பேருரைகள் உண்டு. இரண்டாம் வகையினரைப் பற்றி எழுத ஆட்கள் குறைவு. சித்திலெப்பை எழுதியவர், அதனால் அவரைப் படிக்கிறோம். வாப்பிச்சி மரிக்கார் கட்டியவர், அவரைக் கடந்து போகிறோம்.

சித்திலெப்பை 1898ல் வபாத்தானார். ஒராபி பாஷா 1901ல் எகிப்துக்குத் திரும்பிவிட்டார். வாப்பிச்சி மரிக்கார் இருந்தார். அவருடைய மகன் டபிள்யூ.எம். அப்துல் ரஹ்மான் 1900ல் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களின் உறுப்பினரானார். (1889ல் முதல் முஸ்லிம் உறுப்பினரான எம்.சி. அப்துல் ரஹ்மான் வேறு ஆள். பரீட்சையிலும் மேடையிலும் இந்த இருவரையும் குழப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) 1921ல் ரி.பி. ஜாயா ஸாஹிராவின் அதிபராக வந்தார். அந்தப் பாடசாலை நாடறிந்த கல்லூரியாக வளரத் தொடங்கிய அந்தக் காலத்தையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான், நான்கு வருடங்களின் பின் அந்தப் பெரியவர் கண்ணை மூடினார். ஜாயாவுக்குப் பிறகு 1948ல் ஏ.எம்.ஏ. அஸீஸ் வந்ததும், நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் நமது பிள்ளைகள் அங்கே போய்ப் படித்ததும் எல்லோரும் அறிந்தவை. நமது ஊரிலேயே மூன்று தலைமுறை ஆசிரியர்களைத் தோண்டிப் பார்த்தால், எங்கோ ஓர் இடத்தில் அந்த மருதானை வளவு வந்து சேரும்.

குடும்பத்தின் கொடையும் ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு 1892ல் கதவு திறந்தது. பெண்பிள்ளைகளுக்கு? அதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் போனது. பேரன் ராசிக் பரீத் பம்பலப்பிட்டியில் குடும்பத்துக் காணியைக் கொடுத்து, 1946ல் அங்கே முஸ்லிம் மகளிர் கல்லூரி வந்தது. அரசியலில் ராசிக் பரீதோடு முரண்பட்டவர்கள் நிறையப் பேர், நமக்கும் சில விடயங்களில் வேறு அபிப்பிராயம் உண்டு. ஆனால் கொழும்பின் நடுவில் விலைபோகக்கூடிய ஒரு காணியைப் பெண்பிள்ளைகள் படிக்கட்டும் என்று கொடுத்த அந்தக் கையை மறக்க முடியாது. அது மூத்தவாப்பாவிடமிருந்து வந்த பழக்கம் என்றே நாம் நினைக்கிறோம்.

அடுத்த மாதம் ஒன்பதாம், பத்தாம் தரப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிச் செல்ல இருக்கிறோம். வழக்கம்போல மிருகக்காட்சிச்சாலையில் தொடங்காமல், இந்த முறை புறக்கோட்டைப் பழைய நகர மண்டபத்தில் தொடங்கி, மருதானை ஸாஹிரா வழியாக நூதனசாலையில் முடிப்பதாகத் திட்டம். கூட வர விரும்பும் பெற்றோர் கந்தோரில் பெயர் கொடுக்கலாம்.

இன்னொரு விடயம். நமது பாடசாலையின் முதல் கட்டடத்துக்குக் காணி கொடுத்தவர், கிணறு வெட்டித் தந்தவர், முதல் ஓடு போட்டவர் ஆகியோரின் பெயர்களை எழுதிச் சேர்த்து வருகிறோம். காணி உறுதி, பழைய பற்றுச்சீட்டு, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் படம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். படிக்கத் தெரியாத மூத்தம்மாமார் வாயால் சொன்னாலும் போதும், நாமே வந்து எழுதிக்கொள்கிறோம்.