மட்டி மேடும் மறைந்த கரையும்



வற்று நேரத்தில் ஈர மணலைக் கிளறி மட்டி எடுப்போரை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். சிலர் எடுத்தும் இருப்பீர்கள். அன்றாடக் கறிக்கு உதவும் இச்சிறு தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டோ எனச் சிலர் நகைக்கக்கூடும். யப்பான் நாட்டில், டோக்கியோ விரிகுடாவின் மேற்குக் கரையில், அவ்வரலாறு ஒரு மேடாகவே குவிந்து கிடந்தது.

டோக்கியோ நகருக்கு 1868ஆம் ஆண்டுவரை எடோ என்பதே பெயர். அந்நகரத்தார், பழைய நாட்காட்டியின் மூன்றாம் மாதத்து மூன்றாம் நாளையொட்டிச் சினகாவாக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு புறப்படுவர். அமாவாசையை அடுத்த நாட்களாதலின் கடல் வெகுதூரம் பின்வாங்கும். இளவேனிற் காலத்தில் அப்பெருவற்று பகற்பொழுதிலேயே நிகழ்வது அங்கு இயல்பு. ஆடையை முழங்கால்வரை உயர்த்திக்கொண்டு, சிறு கூடையும் இரும்பு வாரியும் ஏந்தி, முதியோரும் சிறுவரும் சேற்றில் இறங்குவர்.

இறங்கிவிட்டால் மட்டி கிடைத்துவிடுமா? இல்லை. மணலை வெறிதே கிண்டுபவன் கையில் மணல்தான் மிஞ்சும். மட்டி மணலுக்குள் இருந்தபடியே இரு குழாய்களை மேலே நீட்டி, ஒன்றால் நீரை உள்வாங்கி மற்றதால் வெளிவிடுகின்றது. கடல் விலகியபின் அக்குழாய்களின் தடமாக மணலிற் சிறு துளைகள் தெரியும். அவற்றைக் காணக் கண் பழக வேண்டும். அசாரி என்னும் சிறு மட்டி சில விரற்கடை ஆழத்திலேயே இருக்கும். கத்தியுறை போன்று நீண்ட மட்டியோ ஆழத்தில் ஒளிவது. அதன் துளையில் உப்பைத் தூவினால் தானே மேலெழும். உடனே பற்றாவிட்டால் மீண்டும் உள்ளே போய்விடும். எடுத்தவற்றை உப்புநீரில் ஊறவிட்டு, அவை மணலைக் கக்கிய பின்னரே சமைக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஏட்டிற் படித்து அறிந்தவர் எவருமிலர்; அருகில் நின்று தோண்டுபவரின் கையைப் பார்த்துக் கற்றதே கல்வி. புகழ்பெற்ற ஓவியர் உத்தமாரோ, 1789ஆம் ஆண்டளவில் வெளிவந்த தமது சிப்பி ஓவிய நூலின் தொடக்கத்திலே இக்கரைக் காட்சியைத்தான் தீட்டினார்.

இனி, அமெரிக்கர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்வேட் மோர்ஸ் 1838ஆம் ஆண்டில் மேயின் மாநிலத்துக் கரையோர நகராகிய போட்லண்டிற் பிறந்தவர். பள்ளிகள் பல அவரை விலக்கிவிட்டன. ஆயின் சிறுவயது முதலே சிப்பி ஓடுகளைத் தேடித் திரிந்து, அவற்றை நன்கறிந்த அறிஞராக வளர்ந்தார். தம் நாட்டுக் கரையில் ஆதிமக்கள் தின்று எறிந்த ஓடுகளின் குவியல்களையும் ஆராய்ந்திருந்தார். விளக்குச் சிப்பி எனப்படும் கடலுயிரைத் தேடி 1877ஆம் ஆண்டு யூன் மாதம் யப்பானுக்கு வந்த அவர், யொக்ககாமாவிலிருந்து டோக்கியோவுக்குப் புகையிரதத்திற் சென்றார். பாதை அமைத்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. ஓமோரி அருகே, பாதைக்கென வெட்டப்பட்ட மேட்டின் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாய் ஓடுகள் தெரிந்தன. அவ்வழியே எத்தனையோ பேர் அதுவரை போய்வந்தனர். அஃது என்னவென்று உணர்ந்தவர் அவரே.

அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் மாணவரோடு சென்று அகழ்ந்தார். ஓடுகளிடையே எலும்புகளும், ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழமையுள்ள மட்பாண்டங்களும் வெளிப்பட்டன. பாண்டங்களின்மீது கயிறு அழுந்திய தடம் இருந்தது. அத்தடத்தைக் குறிக்கும் ஜோமோன் என்னும் சொல்லே யப்பானிய முற்கால வரலாற்றின் ஒரு நீண்ட காலத்துக்குப் பெயராயிற்று. மோர்ஸ் அத்துடன் அமையவில்லை. மேட்டின் ஓடுகளைத் தம் காலத்துக் கரையில் எடுத்த ஓடுகளோடு வைத்து அளந்து, இடைக்காலத்தில் அவ்வுயிர்களின் அளவும் வடிவும் மாறியுள்ளன என 1879இல் எழுதினார். அதனை மறுத்தோரும் உண்டு. 1880இல் அவருக்குத் துணைநின்று விஞ்ஞான இதழொன்றுக்கு மடல் விடுத்தவர் சாள்ஸ் டார்வின்.

இத்துணை நுட்பமாக அளந்தவர், தாம் தோண்டிய இடம் இன்னதெனத் தெளிவாய்க் குறித்து வைக்கவில்லை என்பது வேடிக்கையே! அதனால் 1929இலும் 1930இலும் இருவேறு இடங்களில் நினைவுக்கற்கள் எழுந்தன. 1984இல் மீண்டும் அகழ்ந்தபோது சினகாவாப் பக்கத்து இடத்துக்கே சான்று வலுத்தது.

கல் நிற்கின்றது, கரைதான் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமாக விரிகுடாவின் சேற்றுநிலங்கள் பெரும்பாலும் தூர்க்கப்பட்டன. ஓமோரியிற் பல தலைமுறையாய் நடந்த கடற்பாசி வளர்ப்பு 1963ஆம் ஆண்டோடு முடிந்தது. விருந்துக்குரிய ஹமாகுரி என்னும் பெருமட்டி அவ்விரிகுடாவில் அரிதாயிற்று. அதன் இரு ஓடுகளும் தம்முள் அன்றி வேறெந்த ஓட்டுடனும் பொருந்தா. ஆதலின் திருமண விருந்தில் அதற்குத் தனியிடம் உண்டு. இன்றும் வேனிற்காலத்தில் விரிகுடாவின் எஞ்சிய கரைகளுக்குக் குழந்தைகள் வாரியோடு வருகின்றனர். சில இடங்களில் வேற்றிடத்து மட்டியைக் கொணர்ந்து மணலில் தூவி வைத்திருப்பர். கட்டணம் செலுத்திவிட்டுத் தோண்டலாம்.

ஓமோரி மேட்டின் அருகே புகையிரதங்கள் இப்பொழுதும் ஓடுகின்றன. அங்கு இறங்கி நிற்பவர்க்குக் கட்டடங்கள் தெரியும், கடல் தெரியாது.