நீரிலுள்ள கதிரியக்க மாசுகளைக் கனியங்களால் அகற்றல்

நீரில் கரைந்துள்ள யுரேனியம், ரேடியம், சீசியம்-137, ஸ்ட்ரோன்சியம்-90 முதலியவற்றைக் களிமண், சியோலைட்டு, இரும்பு மற்றும் அலுமினிய ஒட்சைட்டுகள் போன்ற கனியங்களில் பற்றச் செய்து பிரிக்கும் முறை. கனியம் கதிரியக்கத்தை அழிப்பதில்லை. நீரில் பரந்து கிடப்பதைச் சிறிதளவு திண்மத்துக்குள் ஒடுக்கிவிடுகிறது. இலங்கையில் இதற்கு அடிப்படையான கனிய மேற்பரப்பு வேதியியல் ஆய்வுகள் கண்டியில், ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்திலும் (தோற்றம் 1981) பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் நடைபெற்று வருகின்றன.

பின்னணி

இலங்கைக் கனிய அளவைத் துறையின் முதல் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி, 1904இல் சப்ரகமுவப் பகுதியின் இரத்தினக்கல் சரளையில் தோரியனைட்டைக் கண்டறிந்தார். அதில் மிகுந்துள்ள தோரியம் நீரில் கரைவது அரிது. யுரேனியமோ ஒட்சிசன் உள்ள நீரில் யுரேனைல் அயனாகக் கரைந்து நெடுந்தூரம் செல்லும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ள வழிகாட்டு அளவு லீற்றருக்கு 30 மைக்கிரோகிராம். சிறுநீரகத்தைப் பாதிக்கும் வேதி நச்சுத்தன்மையே இவ்வளவுக்கு அடிப்படை.

பற்றும் விதம்

செம்பூரான் கல்லில் காணப்படும் கிப்சைட்டு என்ற அலுமினிய ஐதரொட்சைட்டு ஆசனிக்கையும் புளோரைட்டையும் எவ்வாறு பிடிக்கிறது என்பதை ரோகன் வீரசூரிய முதலான கண்டி ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். யுரேனைலும் இத்தகைய மேற்பரப்பின் ஐதரொட்சில் கூட்டங்களோடு பிணையக்கூடியது. ஆனால் திகன, குண்டசாலைப் பக்கத்திலுள்ள தொலமைட்டுச் சலவைக்கல் போன்ற பாறைகளூடாக வரும் நீர் கல்சியமும் இருகாபனேற்றும் நிறைந்தது. அவற்றோடு சேர்ந்து யுரேனியம் நிலையான சிக்கல் சேர்மமாகிவிட்டால் கனியத்தில் எளிதில் ஒட்டாது. ஓரிடத்து நீருக்குப் பொருந்திய வடிகட்டி வேறிடத்தில் பயனற்றுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீசியத்தைப் பிடிப்பதில் வெர்மிக்குலைட்டு சிறந்தது. கறுப்பு மைக்கா வானிலையால் சிதைகையில் உருவாகும் இக்கனியத்தின் படலங்களுக்கிடையே நீர் மூலக்கூறுகள் இருக்கும். சீசியம் உள்ளே நுழைந்ததும் நீர் வெளியேறி, ஏறத்தாழ 1.4 நனோமீற்றராக இருந்த படல இடைவெளி 1.0 நனோமீற்றராகச் சுருங்க, அயன் சிறைப்பட்டுவிடும்.

எல்லைகள்

தைரொயிட்டு சிகிச்சையில் பயன்படும் அயடீன்-131 நீரில் பெரும்பாலும் மறையேற்ற அயடைட்டாக இருப்பதால், மறையேற்றமுள்ள களிமண் அதை விலக்கும். அதன் அரைவாழ்வுக் காலம் 8 நாட்களே. எனவே மருத்துவமனைக் கழிவுநீரைத் தாமதத் தொட்டியில் தேக்கி வைப்பதே வழக்கம். 80 நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்களவே எஞ்சும். நீரின் மூலக்கூறிலேயே சேர்ந்துவிடும் திரித்தியத்தையும் கனியங்களால் பிரிக்க முடியாது.

உலகப் பயன்பாடு

பிரித்தானியாவின் செலாபீல்டு அணு வளாகத்தில் 1985 முதல் கிளினொப்டிலோலைட்டு என்ற இயற்கைச் சியோலைட்டு, சீசியத்தையும் ஸ்ட்ரோன்சியத்தையும் நீக்கப் பயன்படுகிறது. 2011இல் ஜப்பானின் புகுஷிமா விபத்துக்குப் பின், உலைக் கட்டடங்களில் தேங்கிய நீரிலிருந்து சீசியத்தை எடுக்கவும் சியோலைட்டு நிரப்பிய கலன்கள் பயன்பட்டன.

கழிவு மேலாண்மை

நிறைவுற்ற கனியம் தானே கதிரியக்கக் கழிவாகிவிடும். சீசியம்-137இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 30 ஆண்டுகள் என்பதால், அதைப் பிடித்துள்ள கனியத்தை நூற்றாண்டுக் கணக்கில் காக்க வேண்டியிருக்கும். இலங்கையில் இத்தகைய பொருட்கள் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை.