பெயர் சொல்லாத கடன்

கலைக்களஞ்சியம் எழுதுகிறவர்கள் அடுத்தவர் எழுத்தைச் சொல்லாமல் எடுத்துக்கொள்வது இணையம் வந்த பிறகு தொடங்கிய பழக்கம் இல்லை. பிரெஞ்சு அகராதிகளின் கதையே அதற்குச் சாட்சி.

ஃபுரத்தியேர் என்பவர் பிரெஞ்சு அகாதெமி உறுப்பினர். அகாதெமி பல ஆண்டுகளாக ஆமை வேகத்தில் ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தபோது இவர் தனியாளாக ஒன்றை எழுதிவிட்டார். எங்கள் சரக்கைத் திருடிவிட்டார் என்று 1685-ல் அவரை வெளியேற்றினார்கள். இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1690-ல், ஹாலந்தில் அவருடைய அகராதி வெளிவந்தது. அகாதெமியின் அகராதி வர 1694 ஆயிற்று!

ஃபுரத்தியேர் புத்தகத்தை ஒரு புராட்டஸ்டண்ட் அறிஞர் விரிவாக்கி 1701-ல் வெளியிட்டார். 1704-ல் சேசு சபையினர் சார்பில் 'திரெவூ அகராதி' வந்தது. பெரும்பகுதி அதே புத்தகம்தான். தங்கள் மதக் கொள்கைக்கு ஒவ்வாததை மாற்றியிருந்தார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று மட்டும் சொல்லவில்லை.

திதெரோவும் தலாம்பேரும் கொண்டுவந்த பெரிய கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1751-ல் வந்தது. ஆங்கிலேயர் சேம்பர்ஸ் 1728-ல் வெளியிட்டதை மொழிபெயர்ப்பதாகத்தான் அந்த வேலையே தொடங்கியது. சேம்பர்ஸ் பெயரை முன்னுரையில் சொன்னார்கள். ஆனால் வேறு பல நூல்களிலிருந்து எடுத்ததைச் சொல்லாமல் விட்டதைச் சேசு சபைப் பாதிரியார் பெர்த்தியே தம் பத்திரிகையில் அம்பலப்படுத்தினார். அப்படி எடுக்கப்பட்டவற்றில் திரெவூ அகராதியும் ஒன்று. எனக்குச் சிரிப்பு வரும் இடம் இதுதான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் புதுச்சேரி வரலாற்றுக் கட்டுரைகளை என்னிடம் காட்டுகிறார்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வாக்கியம் எந்தப் பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து இறங்கியது என்பது சில சமயம் வாசனையிலேயே தெரிந்துவிடும். "தமிழில் நான்தானே தாத்தா எழுதினேன்?" என்கிறார்கள். மொழி மாறினால் சொந்தக்காரர் மாறிவிடுவாரா?

அலுவலகக் கடிதத்தில் 'பொருள்' என்பதற்குக் கீழே 'பார்வை' என்று போடுவோம். எந்தக் கடிதத்தைப் பார்த்து எழுதுகிறோம் என்பது அதில் இருக்கும். அதுதான் இங்கேயும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 1911-ஆம் ஆண்டு பிரிட்டானிக்காவிலிருந்து அப்படியே எடுத்த பகுதிகள் உண்டு. காப்புரிமை காலாவதியான நூல், எடுக்கலாம். ஆனாலும் அங்கிருந்து எடுத்தது என்று பக்கத்தின் அடியில் எழுதியிருக்கும். வேறொரு மொழி விக்கிப்பீடியாவிலிருந்து மொழிபெயர்த்தால், எந்தப் பக்கம் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் குறிப்பிட வேண்டும். புத்தகத்திலிருந்து என்றால் இரண்டு மூன்றைப் படித்து, மூடி வைத்துவிட்டு, சொந்த வாக்கியத்தில் எழுதிப் பக்க எண்ணையும் கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டு சொல்லை மாற்றிப் போடுவது எழுதுவதாகாது.

இன்னொரு தந்திரமும் பார்த்தேன். பிரெஞ்சுப் பக்கத்தின் அடிக்குறிப்பில் இருந்த நூலை, தானே படித்ததுபோல ஒரு பெண் மேற்கோள் காட்டியிருந்தாள். புத்தகத்தைக் கண்ணால் பார்த்தாயா அம்மா என்றேன். இல்லையாம். ரோமன் ரோலண்ட் நூலகத்தில் அது கிடைக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன்.