கோடு போடக் கற்றுக் கொடுத்த கதை

ஆனைமலை என்றதும் பலருக்கு மாசாணியம்மன் கோயில் ஞாபகம் வரும். இல்லாவிட்டால் டாப்சிலிப் யானைகள். ஒரு மூங்கில் சீப்பு ஞாபகம் வருகிறவர்கள் ரொம்பக் குறைவு.

ஆனைமலைக் காடுகளில் வாழும் காடர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளப் போகும் இளைஞன் தன் கையாலேயே மூங்கிலில் ஒரு சீப்பு செய்து பெண்ணுக்குக் கொடுப்பான். அவள் அதைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் வெளியான தன் ஏழு தொகுதி நூலில் காடர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சீப்பையும் பதிவு செய்திருக்கிறார். சீப்பின் பற்களுக்கு மேலே இருக்கும் பட்டையில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே மூங்கிலைக் கீறிக் கீறி அலங்காரம் செய்திருப்பார்கள்.

சரி, காட்டுச் சீப்புக்கும் பள்ளிக்கூட டிராயிங் பீரியடுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. ஓவியத்தின் அடிப்படைகள் என்று பாடப் புத்தகங்கள் எதைச் சொல்கின்றன? புள்ளி, கோடு, வடிவம், நிறம், இடைவெளி. இதில் நிறத்தைத் தவிர மற்றதெல்லாம் அந்த ஒரு சாண் மூங்கிலுக்குள் அடங்கிவிடும். இதைச் சொல்லிக் கொடுக்கப் பள்ளியும் கிடையாது, பாடத்திட்டமும் கிடையாது. பெரியவர்கள் செய்வதைப் பார்த்து வளர்ந்த கை அது.

மலையை விட்டுக் கீழே இறங்கி வந்தால் வாசலில் கோலம். ஐந்து வயதுப் பெண் குழந்தை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் புள்ளி வைக்கப் பழகும். வரிசையும் இடைவெளியும் தப்பக் கூடாது. பிறகுதான் புள்ளியைச் சுற்றி இழை இழுப்பது. இதைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1970-களில் கோலத்தின் உள்ளே இருக்கும் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணங்களோடு சேர்த்து ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். உலகத்தில் பல இடங்களில் மேற்கோள் காட்டப்படும் ஆராய்ச்சி அது. ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் கோலத்தை யாரும் டிராயிங் என்று சொன்னதில்லை. அது வீட்டு வேலை, அதுவும் பெண்கள் வேலை! டிராயிங் என்பது வேறு எங்கிருந்தோ வந்தது.

எங்கிருந்து?

1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். இந்தியாவிலேயே முதல் கலைப் பள்ளி. அடுத்த ஆண்டே ஒரு தொழிற்பள்ளியையும் அதனோடு சேர்த்தார். படம் வரையத் தெரிந்தால் பானை, செங்கல், மரச் சாமான் எல்லாம் நன்றாகச் செய்யலாம், நன்றாகச் செய்தால் விற்கலாம் என்பதுதான் கணக்கு. அதே 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குப் பிறகு பிரிட்டிஷாருக்கு இந்தக் கணக்கு இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டது. பிரான்ஸ் சாமான்கள் அழகாக இருக்கின்றன, நம்முடையது அழகாக இல்லை, அதனால் ஏற்றுமதி போய்விடுமோ என்ற வியாபார பயம். விளைவு, லண்டனின் சவுத் கென்சிங்டனில் இருந்து ஹென்றி கோல் என்பவரின் தலைமையில் ஒரு டிராயிங் பாடத்திட்டம் புறப்பட்டது. மொத்தம் 23 படிகள். முதல் படியில் கருவிகளை வைத்துக் கோடு போட வேண்டும். இரண்டாவதில் அச்சடித்த படத்தைப் பார்த்து அதன் வெளிக்கோட்டை மட்டும் கையால் வரைய வேண்டும். நிறத்தைத் தொடுவதற்குள் பாதிப் பேர் பள்ளியை விட்டே போயிருப்பார்கள்.

இந்த முறை சாம்ராஜ்யம் முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டில் டிராயிங் மாஸ்டர் ஆக விரும்பியவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிய அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று தாள்களின் பெயரைப் பார்த்தாலே அந்த வாடை அடிக்கும். நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் பாதிப் பூச்சாடி, வலது பக்கம் மீதிப் பாதி. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ரப்பர்.

இதில் ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். அடிப்படைகளில் இருந்து தொடங்க வேண்டும் என்ற யோசனை கெட்ட யோசனை இல்லை. ஸ்விட்சர்லாந்தில் பெஸ்டலோசி என்ற ஆசிரியர் 1800-களின் தொடக்கத்திலேயே நேர்கோடு, கோணம், வளைவு ஆகியவைதான் உருவங்களின் அரிச்சுவடி என்று சொன்னார். எழுத்துக்கு அ, ஆ இருப்பது போல. அவருக்கு அது குழந்தையின் கண்ணைத் திறக்கும் வழி. சவுத் கென்சிங்டன்காரர்களுக்கு அது தொழிலாளியின் கையைப் பழக்கும் வழி. ஒரே நேர்கோடுதான், நோக்கம் வேறு. நமக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது.

ஐரோப்பாவிலேயே இதற்கு எதிர்ப்பு கிளம்பியது. வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிசெக் 1897-ல் குழந்தைகளுக்கென்று ஓர் ஓவிய வகுப்பு ஆரம்பித்தார். நகல் எடுக்க வேண்டாம், மனதில் இருப்பதைப் போடு என்றார். அது நம் ஊர் வந்து சேரவில்லை. ஆனால் 1930-களின் கடைசியில் இரண்டே வருட இடைவெளியில் வேறு இரண்டு வழிகள் இங்கே திறந்தன. இந்தக் கதையில் ரொம்ப முக்கியமான இடம் இதுதான்.

ஒன்று காந்தியின் வழி. காந்திக்குத் தன் கையெழுத்து மோசம் என்று வாழ்நாள் முழுக்க வருத்தம். சுயசரிதையில் அதைப் பற்றி எழுதும்போது, குழந்தை பூவையும் பறவையையும் பார்த்துப் புரிந்துகொள்வது போலவே எழுத்துகளையும் முதலில் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும், பொருள்களை வரையக் கற்ற பிறகுதான் எழுதக் கற்க வேண்டும் என்கிறார். அதாவது சித்திரம் முதலில், எழுத்து பிறகு. மணலில் விரலை அழுத்தி அ எழுத வைத்த நம் திண்ணைப் பள்ளிக்கூட வழக்கத்துக்கு நேர் தலைகீழ். 1937-ல் வார்தாவில் கூடிய மாநாட்டுக்குப் பிறகு ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் போட்டது. அதில் ஓவியத்துக்கும் இடம் இருந்தது. உருவத்தையும் நிறத்தையும் பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்குவது, பார்த்த உருவத்தை மனதில் வைத்திருப்பது, இயற்கையில் அழகை ரசிப்பது, செய்யப் போகும் பொருளுக்கு வரைபடம் போடுவது இவையெல்லாம் அதன் நோக்கங்கள். தறியும் ராட்டையும் பக்கத்தில் இருக்கும்போது கோடும் நிறமும் வெறும் தாளில் நிற்காது, துணியில் வந்து உட்கார்ந்துவிடும். சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் 1944-ல் சேவாகிராமத்துக்குப் போய், அங்கே குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் இருந்தார். கல்விக்கு அஸ்திவாரமே கலைதான் என்பது அவருடைய கட்சி.

கோவைக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. 1930-ல் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம்தான் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். காந்தியின் கல்வி முறையில் உறுதியான நம்பிக்கை உள்ளவர். வித்யாலயம் வளர்ந்த பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றி இருந்ததெல்லாம் பருத்திக் காடும் தறியும் மில்லும். கைத்தொழிலோடு படிப்பு என்ற யோசனை வேர் பிடிக்க இதைவிடத் தோதான மண் எங்கே கிடைக்கும்?

இரண்டாவது வழி மரியா மாண்டிசோரி. 1939 நவம்பரில் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பின் பேரில் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு. சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். சில மாதங்களுக்கென்று வந்தவர், 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதால் எதிரி நாட்டுப் பிரஜை ஆகி, 1946 வரை இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று. அதில் இரண்டு வருடம் ஆனைமலைத் தொடருக்குக் கிழக்கே, பழனி மலை மேல் இருக்கும் கொடைக்கானலில் கழிந்தது.

அவருடைய சாமான்களைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். நிறப் பலகைகள் என்று ஒன்று. முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஜோடி ஜோடியாக இருக்கும். குழந்தை ஜோடி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கடைசிப் பெட்டியில் ஒன்பது நிறம், ஒவ்வொன்றிலும் ஏழு சாயல். கரும்பச்சையில் ஆரம்பித்து வெளிர்பச்சை வரை வரிசையாக அடுக்க வேண்டும். இன்னொன்று உலோகச் சட்டங்கள். வட்டம், சதுரம், முட்டை வடிவம் என்று பத்து. சட்டத்தின் உள்விளிம்பில் பென்சிலை ஓட்டி வடிவத்தை எடுத்து, அதற்குள் நெருக்க நெருக்கமாகக் கோடு போட்டு நிரப்ப வேண்டும். இப்படிச் செய்யும் குழந்தைக்கு இது ஓவிய வகுப்பு என்றே தெரியாது. மாண்டிசோரி ஓவியத்தை நேராகச் சொல்லித் தரவில்லை. கையையும் கண்ணையும் தயார் செய்து விட்டுவிட்டு, நீயே போய் வரைந்துகொள் என்றார். பாதிப் பூச்சாடிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இரண்டுமே நல்ல வழிகள். இரண்டுமே சாதாரணப் பள்ளிக்கூடத்தில் நிற்கவில்லை. மாண்டிசோரி முறை செலவு பிடித்தது. பெட்டி பெட்டியாகச் சாமான், பயிற்சி பெற்ற ஆசிரியர். பெரும்பாலும் நகரத்துத் தனியார் பள்ளிகளில் போய் உட்கார்ந்துகொண்டது. பெயர் மட்டும் தெருவுக்குத் தெரு இருக்கும் நர்சரிகளின் போர்டில் ஏறியது :-)

ஆதாரக் கல்வி விழுந்த காரணம் வேறு, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1953-ல் முதலமைச்சர் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டு வந்தார். தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம்தான் படிப்பு, மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரியாரும் திமுகவும் காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்து, 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். எதிர்ப்பு முழுக்க நியாயமானது. சலவைத் தொழிலாளி மகன் வெளுக்கவும் செருப்புத் தைப்பவர் மகன் தைக்கவும் பள்ளிக்கூடம் எதற்கு? ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு பள்ளியில் கைவேலை என்றாலே ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. கையால் செய்கிற எதுவும் படிப்பு இல்லை, முன்னேற விரும்புகிறவன் கணக்கும் இங்கிலீஷும் படிப்பான் என்ற எண்ணம். கைவேலையின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த ஓவியமும் அதோடு சேர்ந்து வெளியே போனது. ராஜாஜி திட்டம் வராமல் இருந்திருந்தால் என்று பேசுவதில் பயனில்லை. வந்தது, போனது, போகும்போது இதையும் இழுத்துக்கொண்டு போனது.

வேடிக்கை என்னவென்றால் இதே காலத்தில் மேலே, கலைப் பள்ளியில், பூச்சாடிக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானார். அவரிடம் படித்து 1957-ல் அவர் இடத்துக்கு வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் பிறந்தது நம் கோயம்புத்தூரில்தான். 1960-களில் அவர் வரைந்த சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையில் ஜாதகக் கட்டமும் எழுத்தும் எண்ணும் கிறுக்கலும் கலந்து கிடக்கும். அறுபது வயதை நெருங்கும் ஒரு பெரிய ஓவியர் குழந்தையின் சிலேட்டுக்குத் திரும்பிப் போகிறார். கீழே, சிலேட்டு வைத்திருக்கும் குழந்தையோ பாதிப் பூச்சாடி போட்டுக்கொண்டிருந்தது.

பிறகு நெடுங்காலம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகளும் ஏணிப்படிகளும் ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் யாரும் அதிகம் பேசாத இரண்டு விஷயங்கள் உண்டு. வகுப்பறைச் சுவரில் தரையை ஒட்டிக் கீழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டும் உயரத்தில், அவரவருக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், பிள்ளைகள் வரைந்ததையும் செய்ததையும் தொங்கவிடுவதற்கு. அரசுப் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளையின் படத்துக்கு ஒரு நிரந்தர இடம் கிடைத்தது என்றால் அது அந்தக் கம்பிகளில்தான்.

ஆனால் கம்பி படம் சொல்லிக் கொடுக்காது. அரசுப் பள்ளிகளில் ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் ஒன்று முதல் ஐந்து வரை கிடையாது. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காகப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரைத் தமிழக அரசு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். மாதத்துக்குப் பன்னிரண்டு அரை நாள் என்று வைத்துக்கொண்டால் ஓர் அரை நாளுக்கு சுமார் 417 ரூபாய். பின்னால் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, அதற்கும் அவர்கள் திரும்பத் திரும்பப் போராட வேண்டியிருந்தது. பணத்தை விட முக்கியமான ஒன்று அந்த ஆணையிலேயே இருந்தது. அவர்கள் நியமிக்கப்பட்டது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்.

1947-ல் அமெரிக்காவில் விக்டர் லோவன்ஃபெல்ட் குழந்தை ஓவியத்தின் பருவங்களை வயது வாரியாகப் பிரித்து ஒரு புத்தகம் எழுதினார். இரண்டு வயதில் கிறுக்கல், நாலு வயதில் வட்டத்துக்குக் கை கால் முளைத்த மனிதன், ஏழு வயதில் தரைக்கோடும் அதன் மேல் வீடும். எட்டொன்பது வயதைத் தாண்டும்போது குழந்தை தன் படத்தை அடுத்தவர் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறது. மாடு மாடு மாதிரி இல்லையே என்ற வெட்கம் வருகிறது. நிறைய பேர் பென்சிலைக் கீழே வைப்பது அந்த வயதில்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினோரு வயது. டிராயிங் மாஸ்டர் முதல் தடவையாக வகுப்புக்குள் நுழைந்து கரும்பலகையில் நேராக ஒரு கோடு போடுகிறார்.