எட்டயபுரத்திலிருந்து சூரத் வரை: ஒரு ரயில் பயணத்தின் கதை

கல்லூரி முடிந்த கையோடு நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் என்று ஊர் ஊராகச் சுற்றுவது இன்று பலருடைய கனவு. கையில் காசு குறைவு, தூக்கம் ரயிலில், சாப்பாடு கிடைத்த இடத்தில். நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் இப்படி ஒரு பயணம் போயிருக்கிறார்கள். அவர்கள் போனது இத்தாலிக்கு அல்ல, சூரத்துக்கு. ஆனால் அவர்கள் மனதில் இத்தாலியும் இருந்தது!

ஆண்டு 1907, மாதம் டிசம்பர். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் இருவர் நம் கரிசல் காட்டுக்காரர்கள். ஒருவர் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி, அப்போதுதான் 25 வயது முடிந்திருந்தது. இன்னொருவர் ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை, வயது 35. இவர்களோடு மண்டயம் சீனிவாசாச்சாரியார், துரைசாமி ஐயர், சக்கரைச் செட்டியார் போன்ற சென்னை நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1799-ல் கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பெனிப் படையோடு நின்றது எட்டயபுரம் பாளையம். ஒட்டப்பிடாரமோ பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். அந்தப் பகையின் பெயரால் இன்றும் தமிழில் ஒரு வசைச்சொல் புழங்குகிறது. ஆனால் நூற்றியெட்டு வருடம் கழித்து அந்த இரண்டு ஊரிலிருந்தும் பிறந்து வந்தவர்கள் ஒரே ரயிலில், ஒரே காரியத்துக்காகப் போகிறார்கள்! கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. தேதி பொருந்தியது தற்செயல்தான், என்றாலும் படிக்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது.

இருவருடைய தந்தையரும் ஏற்கெனவே நண்பர்கள். பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்தவர். கரிசல் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் ஓர் ஆலை தொடங்கி, அது நொடித்துப்போய், 1898-ல் காலமானார். வ.உ.சி.யின் தந்தை உலகநாத பிள்ளை ஒட்டப்பிடாரத்து வக்கீல். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பிள்ளைகள் இருவரும் நெருங்கியது 1906-ல் சென்னையில், 'இந்தியா' பத்திரிகை அலுவலகத்தில்தான்.

பாரதிக்குப் பயணம் புதிதல்ல. எட்டயபுரத்துக்கு ரயில் கிடையாது. சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவில்பட்டிக்கு வந்துதான் ரயில் ஏற வேண்டும். மதுரை தூத்துக்குடி ரயில் பாதை 1876-லேயே வந்துவிட்டது. தந்தை இறந்த பிறகு 1898-ல் காசிக்குப் போய் அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்தவர் பாரதி. போகும்போது ஜமீன் சபையில் பட்டம் வாங்கிய குடுமிப் பையன், திரும்பி வரும்போது மீசையும் தலைப்பாகையும் வைத்த இளைஞன். பாரதியை நினைத்ததும் நம் கண்ணுக்கு வரும் அந்த உருவம் காசி கொடுத்தது. 1905-ல் மறுபடி காசி காங்கிரஸ், 1906-ல் கல்கத்தா காங்கிரஸ். கல்கத்தா போனபோது சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார் என்பார்கள். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்டதாகவும், அந்தக் கேள்விதான் பெண் விடுதலை பற்றிய பாரதியின் எண்ணத்தைத் திருப்பிவிட்டதாகவும் சொல்வது வழக்கம்.

சரி, சூரத்துக்கு ஏன் இத்தனை பேர் கிளம்பினார்கள்? அந்த வருடக் காங்கிரஸ் முதலில் நாகபுரியில் நடப்பதாக இருந்தது. அங்கே திலகரின் ஆட்கள் பலம். மிதவாதிகள் அதைச் சூரத்துக்கு மாற்றினார்கள். சூரத் பம்பாய் மாகாணத்து ஊர், திலகரும் அந்த மாகாணத்துக்காரர். மாநாடு நடக்கும் மாகாணத்துக்காரர் தலைவராவது அப்போது வழக்கமில்லை. ஆக, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! அதோடு, சுயராஜ்யம், சுதேசி, அந்நியப் பொருள் பகிஷ்காரம், தேசியக் கல்வி என்று கல்கத்தாவில் நிறைவேறிய நான்கு தீர்மானங்களையும் நீர்த்துப்போகச் செய்வார்களோ என்ற சந்தேகம் வேறு. எனவே திலகர் பக்கம் நிற்க ஆள் தேவைப்பட்டது. சென்னை மாகாணம் அதுவரை மிதவாதிகளின் கோட்டை. அங்கிருந்து இளைஞர்கள் திரண்டு போவதே ஒரு செய்திதான்.

அன்றைய வழி இப்படி: சென்னையிலிருந்து ராய்ச்சூர் வரை மெட்ராஸ் ரயில்வே. அதன் பிறகு சோலாப்பூர், பூனா வழியாகப் பம்பாய் வரை ஜி.ஐ.பி. ரயில்வே. பம்பாயில் இறங்கி வேறு கம்பெனி ரயில் ஏறி, கடற்கரையை ஒட்டி வடக்கே போனால் தபதி நதிக்கரையில் சூரத். இன்று முன்பதிவு செய்து படுத்துக்கொண்டே போகும் நமக்கு, மரப் பலகையில் இரவு பகலாக உட்கார்ந்து, கரி படிந்த முகத்தோடு இறங்குவது எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்வதே கஷ்டம்.

சூரத்தில் நடந்தது தெரிந்த கதை. டிசம்பர் 26 அன்று ராஷ் பிகாரி கோஷைத் தலைவராக முன்மொழியும்போதே கூச்சல் கிளம்பியது, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் திலகர் மேடையேறிப் பேச வாய்ப்புக் கேட்டார், மறுக்கப்பட்டது. அவர் நகரவில்லை. அந்த நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. அது சுரேந்திரநாத் பானர்ஜி மீதும் பெரோஸ்ஷா மேத்தா மீதும் பட்டது. பிறகு நாற்காலிகள் பறந்தன, தடிகள் சுழன்றன, போலீஸ் வந்து பந்தலைக் காலி செய்தது. ஆங்கிலேயப் பத்திரிகையாளர் நெவின்சன் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். மறுநாள் தீவிரவாதிகள் (அன்று திலகர் கட்சிக்கு இதுதான் பெயர், இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம்) அரவிந்தர் தலைமையில் தனியாகக் கூடினார்கள்.

பாரதி திலகரை முதன்முதலாகப் பார்த்தது பற்றி ஒரு கதை சொல்வதுண்டு. மழையில் வழியெல்லாம் சேறு, ஒருவர் குடையோடு நின்று ஆட்களை வைத்துப் பாதையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அவர் கண்களைப் பார்த்ததுமே திலகர் என்று தெரிந்து பாரதி காலில் விழுந்தாராம். உண்மையோ, பின்னால் சேர்ந்ததோ! தலைவர் என்றால் மேடையில் மட்டும் இருப்பவர் அல்ல என்று நினைத்தவர்களுக்குப் பிடித்த கதை என்பது மட்டும் தெரிகிறது.

இப்போது இத்தாலிக்கு வருவோம். ஜெனோவாவில் பிறந்த மாஜினி 1831-ல் 'இளம் இத்தாலி' என்ற சங்கத்தைத் தொடங்கியவர். துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த இத்தாலியை ஒரே நாடாக்குவதாக அதில் சேரும் ஒவ்வொருவரும் சபதம் எடுக்க வேண்டும். அந்தச் சபதத்தைத்தான் பாரதி தமிழில் பாட்டாக்கினார். 1907-ல் சாவர்க்கர் மாஜினியை மராத்தியில் தந்தார். வ.வே.சு. ஐயர் கரிபால்டியின் கதையைத் தமிழில் எழுதினார். சென்னையில் இளைஞர்கள் பாலபாரத சங்கம் என்று கூடினார்கள், பெயரிலேயே மாஜினியின் சாயல் தெரிகிறது. பாரதி இத்தாலியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கப்பலில் இறங்கி ஜெனோவா வீதியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பலரைவிட அவருக்கு அந்த ஊர்க்காரரை நன்றாகத் தெரியும்.

ஊர் திரும்பியதும் பாரதி இந்தப் பயணத்தை எழுதினார். 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை' என்று 1908-ல் சிறுநூலாக வந்தது. அதே வருடம் அவருடைய 'ஸ்வதேச கீதங்கள்' நூலும் வந்தது. அதற்கு முந்தைய வருடம் அவர் பாட்டுகளை ஆயிரக்கணக்கில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தவர் வி.கிருஷ்ணசாமி ஐயர். அவர் எதிர்முகாமான மிதவாதக் கட்சிக்காரர்! அரசியலில் சண்டை போட்டுக்கொண்டே பாட்டை ரசிக்கவும் அன்று முடிந்திருக்கிறது.

ஆனால் யாத்திரைக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஊர் வந்த வ.உ.சி. தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார். 1908 மார்ச் 12-ல் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்கள் போயின. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். அதாவது நாற்பது வருடம்! அதற்குள் திலகரும் கைதாகிவிட்டார், அவருக்கு ஆறு வருடம் மாண்டலே. ஆகஸ்டில் 'இந்தியா' பத்திரிகையின் ஆசிரியராகச் சட்டப்படி பதிவாகியிருந்த சீனிவாசன் பிடிபட்டார். அடுத்து பாரதிதான் என்று தெரிந்து நண்பர்கள் அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். தன் பெயரில் வேறொருவர் சிறையில் இருக்க, தான் பிரெஞ்சு எல்லைக்குள் பத்திரமாக இருந்தது பற்றி அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. குறை சொல்வது சுலபம். பாரதி உள்ளே போயிருந்தால் அடுத்த பத்து வருடத்தில் புதுவையில் எழுதிய குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் நமக்குக் கிடைத்திருக்குமா என்பதையும் கேட்க வேண்டும்.

வ.உ.சி. செக்கிழுத்து, தண்டனை குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. பாரதி 1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறி, கடலூர் அருகே கைதாகி, விடுதலையாகிக் கடையத்துக்குப் போனார். 1919-ல் எட்டயபுரம் வந்து, ஜமீன்தாருக்குக் கவிதையில் ஒரு விண்ணப்பம் எழுதி உதவி கேட்டார். பதினோரு வயதில் பட்டம் கொடுத்த அரண்மனை இந்த முறை கண்டுகொள்ளவில்லை. 1921 செப்டம்பரில் சென்னையில் பாரதி இறந்தார்.

எட்டயபுரத்தில் கல்கி முயற்சியால் பணம் திரட்டி மணிமண்டபம் எழுந்து, 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்து வைத்தார். நாடு விடுதலை அடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைப் பார்க்க வ.உ.சி. இல்லை, அவர் 1936-லேயே தூத்துக்குடியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.